வெள்ளிக்கிழமையைத் திருத்த வந்த மூப்பர்

சின்ன வகுப்புகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களில் சிலர் போன கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு தரம் எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதச் சொன்னால் பிள்ளைகள் அழுகிறார்கள், என்ன செய்வது என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எண்ணவேண்டாம். அந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர், வள்ளச் சொந்தக்காரர், ஊரில் மதிப்புள்ளவர். நாலாம் வகுப்பு வாங்குப் பலகையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டு, "இன்னொருக்கா எழுத என்னால ஏலாது ரீச்சர்" என்று கண் கலங்கியவர். அவருடைய கதையைச் சொல்கிறேன். மறுமொழி அதற்குள் இருக்கிறது.

அறுபதுகளின் பிற்பகுதி. நான் நாரந்தனையில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த கையோடு, ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் போகும் சின்னத் தீவுகளில் ஒன்றுக்கு என்னைப் போட்டார்கள். எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். இந்தக் கதையில் வரும் ஆட்டின் சந்ததி இன்னும் அங்கே மேய்கிறது. ஆட்டுக்காரரின் சந்ததியும் இருக்கிறது.

பாடசாலை ஒரே நீள மண்டபம். கரும்பலகைகள்தான் வகுப்புகளைப் பிரிக்கும் சுவர். கூட்டம், கல்யாணப் பேச்சு, தடுப்பூசி, எல்லாம் அந்த மண்டபத்தில்தான். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஒரு பிரச்சினை வந்தால், அது வேறு ஏதாவது பாடசாலையின் பிரச்சினையாக இருக்குமோ என்று முதலில் விசாரிப்பார்.

அந்தக் காலத்தில் கட்டுரை என்றால் பசு. பசுவுக்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார், பிள்ளை அதைப் பார்த்து அழகாக எழுதும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வகுப்பில் வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எழுதிய பிள்ளை எழுந்து நின்று உரத்து வாசிக்கவேண்டும். கேட்கிற பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு சொல்லை வெட்டுவதா விடுவதா என்று எழுதிய பிள்ளைதான் தீர்மானிக்கும். அழிறப்பருக்குத் தடை. வேண்டாத சொல்லின் மேல் ஒரு கோடு மட்டும். தான் எங்கே தொடங்கி எங்கே வந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பிலோமினா என்றொரு பிள்ளை. அவளுடைய தாய் திரேசம்மா மீன் கருவாடு விற்று, ஓர் ஆடும் வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்தவள். ஒரு திங்கட்கிழமை பிலோமினா எழுந்து நின்று வாசித்தாள்.

"எங்கள் ஆடு. எங்களிடம் ஓர் ஆடு உண்டு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது குழை தின்னும். ஆடு ஒரு நல்ல பிராணி."

முன்வாங்கில் இருந்த ஒரு பெடியன் கேட்டான்: "அந்த ஆடு இப்ப எங்க நிக்குது?"

"காணேல்லை," என்றாள் பிலோமினா. "வெள்ளிக்கிழமை தொடக்கம் காணேல்லை."

எனக்குத் திகைப்பாக இருந்தது. "அதை ஏன் பிள்ளை எழுதேல்லை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. "கட்டுரைக்குள்ள ஆடு காணாமல் போகேலாது ரீச்சர். கட்டுரை எண்டால் ஆடு நிக்க வேணும்."

காணாமல் போன ஆட்டைப் பற்றியும் கட்டுரை எழுதலாம் என்று அவளை நம்பவைக்க எனக்கு அந்த நாள் முழுதும் பிடித்தது. நம்பிய பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வாசித்தாள், கேள்வி கேட்டார்கள், கோடு போட்டாள், மறுபடி எழுதினாள். நாலு கால்களும் வெட்டுப்பட்டுப் போயின. நல்ல பிராணியும் போயிற்று. கிழமைக் கடைசியில் அது இப்படி நின்றது:

"வெள்ளிக்கிழமை அம்மா யாழ்ப்பாணம் போனார். ஆட்டைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். நான் பார்த்தேன். பிறகு கெந்தி விளையாடினேன். ஆடு வேலிக்குக் கீழால் போய்விட்டது. பொழுது சாயும்வரை தேடினேன். மூப்பர் வீட்டு வேலியடியில் நின்றேன். அவருடைய குசினியில் இருந்து இறைச்சிக் கறி மணம் வந்தது. நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன்."

இவ்வளவு நல்ல எழுத்தை அந்த வகுப்பில் நான் அதற்கு முன் கண்டதில்லை. மற்றப் பிள்ளைகளின் எழுத்தோடு சேர்த்து மண்டபச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மீனவர் சங்கக் கூட்டம். கூட்டம் தொடங்கத் தாமதம். வந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் சுவரை வாசித்தார்கள்.

திங்கட்கிழமை காலை நான் வகுப்புக்குள் போகும்போது திரேசம்மா கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"ரீச்சர், பிள்ளை வடிவா எழுதியிருக்கு. ஆனால் ஒரு வசனம் விட்டுப்போச்சு."

"என்ன வசனம்?"

"'அந்தக் கறி எங்கட ஆடு.' அதையும் எழுதச் சொல்லுங்கோ. எழுதாட்டில் நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போடுவன்."

நான் வாய் திறக்குமுன் மூப்பர் வந்துவிட்டார். மூப்பர் என்றால் அந்தத் தீவின் கத்தோலிக்கக் கோயில் காரியங்களைப் பார்ப்பவர். குருவானவர் வள்ளம் கிடைக்காமல் வரமுடியாத ஞாயிறுகளில் செபம் சொல்வதும் அவர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. முகம் மட்டும் சிவந்திருந்தது. திரேசம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சண்டைக்கு ஆயத்தமானாள். அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ரீச்சர், இந்தச் சுவரில கிடக்கிற எழுத்தில ஒரு பிழை இருக்கு. அதைத் திருத்த வேணும்."

"ஆட்டைப் பற்றியோ?"

"ஆடு கிடக்கட்டும். நான் ஆடு திண்டனான் எண்டே இருக்கட்டும். அதில எனக்கு ஒண்டுமில்லை. அந்த வெள்ளிக்கிழமையை வியாழக்கிழமை எண்டு மாத்துங்கோ."

பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பெருக்கல் வாய்பாடுகூட நின்றுபோயிற்று.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது தபசு காலம். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை இறைச்சி வாயில் வைக்கக்கூடாது. அதை மற்றவர்களுக்குக் கோயிலில் எடுத்துச் சொல்கிறவரே மூப்பர்தான். ஆட்டுக் கள்ளன் என்ற பெயரை அந்த மனிதர் தாங்குவார். வெள்ளிக்கிழமை என்ற சொல்லை அவரால் தாங்க முடியாது.

"அப்ப திண்டனீங்கள்தானே!" என்று திரேசம்மா கத்தினாள்.

"நான் ஒண்டும் தின்னேல்லை!"

"இப்பத்தானே வியாழக்கிழமை திண்டனான் எண்டு சொன்னனீங்கள்!"

"வியாழக்கிழமையும் தின்னேல்லை! வியாழக்கிழமை திண்டனான் எண்டு எழுதச் சொல்லித்தான் கேக்கிறன்!"

பின்வாங்கில் ஒரு சின்னக் கை உயர்ந்தது. உயர்த்தியவள் கணக்கிலும் கட்டுரையிலும் சமமாக மந்தமான ஒரு பிள்ளை. அன்றைக்கு மட்டும் அவளுக்கு என்ன வந்ததோ தெரியாது. "மூப்பர், வியாழக்கிழமை எண்டு மாத்தினா முதல் வசனமும் மாறவேணும். வியாழக்கிழமை கடும் காத்து. வள்ளம் ஓடேல்லை. பிலோமினான்ர அம்மா எப்பிடி யாழ்ப்பாணம் போனவ?"

"நீந்திப் போனவ எண்டு எழுதட்டும்," என்றான் முன்வாங்குப் பெடியன். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி செய்யப் பார்த்தான்.

மூப்பர் அதை யோசித்துப் பார்த்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

இந்த அளவில் தலைமை ஆசிரியர் வந்துசேர்ந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். மூப்பர் தன் பக்கத்தை முடிக்கும்போது, அந்த வெள்ளிக்கிழமை நீங்காவிட்டால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒருத்தரும் நாளை தொடக்கம் பள்ளிக்கூடம் வரமாட்டார்கள் என்றார். வகுப்பில் பாதிக்கு மேல் கத்தோலிக்கப் பிள்ளைகள். தலைமை ஆசிரியர் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இது மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிறதில போய் முடியப்போகுது, பிள்ளை. முதல்ல உம்மைத்தான் மாத்துவினம், பேந்து என்னை. நீர் ஒரு சின்ன வேலை செய்யும். ஆட்டைப் பசுவாக்கிவிடும்."

"என்ன சேர்?"

"பசு எண்டு எழுதினால் பிரச்சினை முடிஞ்சுது. இந்தத் தீவில பசு காணாமல் போனதெண்டு ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லைத்தானே?"

அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் எண்ணினார். கரும்பலகைக்கு அப்பால் இருந்து மறுமொழி வந்தது: "பசு வேலிக்குக் கீழால போகாது சேர்!"

இவ்வளவுக்கும் பிலோமினா தன் இடத்தில் நின்றபடி இருந்தாள். சுவரில் இருந்து கழற்றிய தாள் ஒரு கையில், பென்சில் மற்றக் கையில். உதடு நடுங்கியது. நான்கு பெரிய மனிதர்கள் அவளைச் சுற்றி நின்றோம். ஒரு வசனம் சேர் என்கிறாள் தாய். ஒரு சொல்லை மாற்று என்கிறார் மூப்பர். மிருகத்தையே மாற்று என்கிறார் தலைமை ஆசிரியர். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதைச் செய்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் "கறி மண வசனத்தை வெட்டு" என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்திருக்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. என் சம்பளத்தில்தான் நாரந்தனையில் தம்பி தங்கை படித்தார்கள். பெட்டிசம் போனால் அது நிற்கவும் கூடும்.

ஆனால் இத்தனை நாளும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். எழுதினவரின் பென்சிலை மற்றவர் தொடக்கூடாது. அன்றைக்கு நானே அதைத் தொட்டிருந்தால், பிறகு எந்த முகத்தோடு அவர்களைத் திருத்தச் சொல்வது? பெரியவர்கள் கோபிக்காதவரை மட்டும் உன் எழுத்து உன்னுடையது என்றா?

"மூப்பர்," என்றேன். "இந்த வகுப்பில ஒரு ஒழுங்கு இருக்கு. எழுதின ஆளைக் கேள்வி கேக்கலாம். மாத்தச் சொல்லேலாது. உங்களுக்கு வேற மாதிரித் தெரிஞ்சால் நீங்கள் உங்கட பக்கத்தை எழுதுங்கோ. பிலோமினான்ர எழுத்துக்குப் பக்கத்தில அதே அளவு இடம் தாறன்."

"நான் எழுதவோ?"

"ஓம். நீங்கள்தான்."

அவர் போய்விடுவார் என்றுதான் எண்ணினேன். சுவரில் தனக்கும் இடம் என்ற சொல் அவரைப் பிடித்துவிட்டது போலும். குடையைக் கதவில் மாட்டினார். முன்வாங்கில் பெடியன் ஒதுங்கி இடம் கொடுத்தான். நான் தாளும் பென்சிலும் கொடுத்தேன். வகுப்பு முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, மூப்பர் நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு எழுதினார். திரேசம்மா போகாமல் நின்றாள். அவர் ஆட்டைப் பற்றி எழுதுவதை உடனேயே பிடிக்கவேண்டும் என்று நின்றாள்.

எழுதி முடித்ததும் எழுந்து நின்று வாசிக்கவேண்டும் என்றேன். எழுந்தார். கோயிலில் செபம் சொல்லும் கம்பீரக் குரலில் வாசித்தார்:

"மூப்பர். எங்கள் தீவில் ஒரு மூப்பர் உண்டு. அவருக்கு ஒரு வள்ளம் உண்டு. அவர் செபம் சொல்வார். மூப்பர் ஒரு நல்ல மனிதர்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிலோமினாவின் நடுக்கம் நின்றுவிட்டது. "மூப்பர்," என்றாள் அன்போடு, "இது நான் முதல் எழுதின மாதிரியே இருக்கு."

"அப்ப சட்டியில என்ன இருந்தது?" என்றான் முன்வாங்குப் பெடியன். "அதை நீங்கள் எழுதேல்லை."

மூப்பர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல் கேட்டது. ஊர்காவற்றுறை வள்ளக்காரர் நின்றார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு.

"இது இஞ்சத்தை ஆடோ ரீச்சர்? அந்த வெள்ளிக்கிழமை ஓலைக் கட்டுகளுக்குப் பின்னால படுத்திருந்து எங்களோட அங்கால வந்திட்டுது. இவ்வளவு நாளும் இறங்குதுறைக் கடையில வாழைப்பழத் தோல் திண்டுகொண்டு நிண்டது. கடைக்காரன் இனி வைச்சிருக்கேலாதாம்."

ஆடு நன்றாகக் கொழுத்திருந்தது. திரேசம்மா அதைப் பார்த்தாள். மூப்பரைப் பார்த்தாள். தன் கோபம் முழுவதையும் ஆட்டின் பக்கம் திருப்பி, "சனியனே! உனக்காண்டி ஊரோட சண்டை பிடிச்சன்!" என்று அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்ட வசனத்தைச் சேர்க்கவேண்டாம் என்று போகிற போக்கில் யாருக்கென்றில்லாமல் சொன்னாள்.

தலைமை ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "முடிஞ்சுது," என்றார்.

அங்கேதான் அவர் பிழைவிட்டார். ஆட்டுப் பிரச்சினை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அப்படியே நின்றது. ஆடு உயிரோடு இருந்தால் அந்த இறைச்சி எது என்ற கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. மூப்பருக்கு அது எங்கள் எல்லாருக்கும் முன்னே விளங்கியது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையையும் எடுக்க மறந்து போனார்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த நாள் வகுப்பில் பாதி வெறுமையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மூப்பரும் வந்திருந்தார். முன்வாங்கில், அதே இடத்தில். வேறொரு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை செபக் குரல் இல்லை. கேட்பதற்குப் பிள்ளைகள் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"தபசு காலத்தில் இறைச்சி உண்ணக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான். எனக்கு இறைச்சிக் கறியில் சரியான ஆசை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் யாழ்ப்பாணச் சந்தையில் ஒரு பிஞ்சுப் பிலாக்காய் வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை அதை வெட்டி, இறைச்சிக்குப் போடும் சரக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சினேன். சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். ஆட்டிறைச்சியும் இல்லை, மாட்டிறைச்சியும் இல்லை. பிலாக்காய்.

"மூப்பர், இதை நேற்றே சொல்லியிருக்கலாமே!" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"சொன்னால் ஆர் ரீச்சர் நம்புவினம்? நம்பினாலும் சிரிப்பினம். ஆட்டுக் கள்ளன் எண்டு சொல்லிப் பாருங்கோ, ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒரு கட்டுரை நல்லதா கெட்டதா என்று பார்க்கும் முகத்தோடு இருந்தார்கள். ஒரு கை உயர்ந்தது. "எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்? 'சாப்பிட்டேன்' எண்டு மட்டும் கிடக்கு."

"எப்பிடியெண்டால்? கையாலதான்."

"இல்லை மூப்பர். இறைச்சி மாதிரி இருந்ததோ?"

அவர் தாளைப் பார்த்தார். "இன்னொருக்கா எழுத என்னால ஏலாது ரீச்சர்," என்றார். நான் முதலில் சொன்ன இடம் இதுதான். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ஒரு பிள்ளை இந்த இடத்தில் வந்து நிற்கும்போது பேசாமல் இருப்பதற்குத்தான் எனக்கு அதிக காலம் பழகவேண்டியிருந்தது. தேற்றவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். நான் சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பென்சில் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டேன்" என்பதன் மேல் கோடு போட்டு, கீழே எழுதியிருந்தார்: "கண்ணைத் திறந்தால் பிலாக்காய். கண்ணை மூடினால் இறைச்சி. நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்."

"இது சரி," என்றான் முன்வாங்குப் பெடியன். அந்த வகுப்பில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

மூப்பரின் தாளைப் பிலோமினாவின் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். ஊர் சிரித்ததுதான். இரண்டு மூன்று ஞாயிறு கோயிலில் அவர் வாய் திறந்தபோதெல்லாம் பின்வரிசையில் யாராவது கண்ணை மூடிக் காட்டினார்கள். அவரும் சிரித்துவிட்டு மேலே சொன்னார் என்று கேள்வி. அதோடு அந்தத் தீவில் அவருக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. பெட்டிசம் வரவில்லை. தலைமை ஆசிரியர் மட்டும் அந்த வருடம் முழுவதும் தன் வகுப்புக்குப் பசுவையே கொடுத்தார்.

இரண்டாம் நாளும் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க மூப்பர் வந்த அன்று பிலோமினா தன் தாளைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். "இறைச்சிக் கறி மாதிரி மணம் வந்தது."

மூப்பர் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளை, அந்த மணத்துக்கு முன்னால 'நல்ல' எண்டொரு சொல்லும் போடன்."

அவள் யோசித்தாள். "போடேலாது மூப்பர். அண்டைக்கு மத்தியானம் தொடக்கம் நான் ஒண்டும் சாப்பிடேல்லை. பசிக்கேக்க எல்லாம் நல்ல மணந்தான்."

மூப்பர் குடையை ஊன்றிக்கொண்டு தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"பசிச்சது எண்டு இதில எங்க எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்.

பிலோமினாவும் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிறகு பென்சிலைக் கூராக்கத் தொடங்கினாள்.